தம்பி முட்டையும் வாழைப்பழமும் மட்டும்தான் சாப்பிடுகிறான், என்ன செய்வது?

மல்லிகைத்தோட்டம் | ஜூன் 3, இரவு 11.40

வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 20 வயது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டலில் இருந்தான். நாங்கள் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். பிப்ரவரியிலிருந்தே போனில் சரியாகப் பேசவில்லை. பரீட்சை நேரம், அதனால்தான் என்று விட்டுவிட்டோம். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான். ஹாஸ்டல் பசங்க மின்விசிறிக்குள்ளிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான். இந்தப் புழுக்கத்திலும் அவன் அறையில் ஃபேன் ஓடுவதில்லை. போன் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான்.

பத்து நாளாக அவித்த முட்டையும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. உடம்பைத் தேற்றுகிறான் போல என்று அம்மா முதலில் சந்தோஷப்பட்டார். எனக்கு நேற்றுதான் உறைத்தது. இரண்டுமே அவனே தோலுரித்துச் சாப்பிடுபவை. உள்ளே யாரும் எதையும் கலக்க முடியாது. முட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஓட்டில் விரிசல் இருந்தால் அதைத் தொடுவதில்லை.

குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கலாம் என்கிறார் அம்மா. "ஏதோ காதல் விவகாரம், ரெண்டு மாசத்துல தெளிஞ்சிடுவான்" என்கிறார் அப்பா. டாக்டர் என்று வாயைத் திறந்தாலே "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். இது தானாகச் சரியாகுமா? காத்திருந்து பார்க்கலாமா?


தேனி_அம்மா | ஜூன் 4, காலை 5.55

காத்திருக்க வேண்டாம், கண்ணு.

என் மகளுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு 19 வயது. நாங்கள் இரண்டு வருடம் அலைந்தோம். முதலில் ஜாதகம். அப்புறம் மந்திரித்த கயிறு. பக்கத்து ஊரில் ஒருவர் செய்வினை எடுக்கிறேன் என்று வாசல்படியைத் தோண்டினார். ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளைகூடப் பார்த்தோம். அந்த இரண்டு வருடத்தில் அவள் படிப்பு போனது, சிநேகிதிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் மாத்திரை கொடுத்த ஆறாவது வாரம் அவள் காதில் கேட்ட குரல் குறைந்தது. ஆறே வாரம். போன படிப்பும் சிநேகமும் மட்டும் திரும்ப வரவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள். உன் தம்பிக்கு ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. இன்றைக்கே கிளம்பு.


வார்டு_சிநேகிதி | ஜூன் 4, காலை 8.20

நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். இந்த வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. உங்கள் தம்பியைப் பார்க்காமல் இன்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் சொல்பவை எல்லாம் சைக்கோசிஸின் முதல் அத்தியாயத்தில், அதாவது அது முதல் தடவை வரும்போது, நாங்கள் வழக்கமாகக் கேட்பவைதான். இல்லாத குரல் கேட்பது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, தூக்கம் போவது, ஆட்களைவிட்டு ஒதுங்குவது. பெரும்பாலும் பதினாறு வயதிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டும். அதனால்தான் கல்லூரிப் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறோம்.

சைக்கோசிஸ் என்பது காய்ச்சல் மாதிரி. அது ஒரு நிலை, பின்னால் இருக்கும் காரணம் பலவாக இருக்கலாம். மனச்சிதைவாக இருக்கலாம், இருமுனைக் கோளாறாக இருக்கலாம். கஞ்சாவால் வரலாம். அபூர்வமாக மூளையில் அழற்சி, தைராய்டு கோளாறு என்று உடல் காரணமும் இருக்கும். முதல் தடவை என்பதால் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். கஞ்சா பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை முடிவு செய்ய அது தேவை.

ஜுரம், வலிப்பு, சுயநினைவு தடுமாற்றம், கைகால் விறைப்பு இதில் ஏதாவது சேர்ந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போங்கள். சாக வேண்டும் என்று பேசினாலும், குரல்கள் ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிடுவதாகச் சொன்னாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் அத்தியாயத்தில் தற்கொலை ஆபத்து அதிகம், அதனால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.


ராஜா_பொள்ளாச்சி | ஜூன் 4, காலை 11.05

அவன் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் விவரம் சொல்லி மாத்திரை வாங்கிவிடுங்கள். பொடி பண்ணி பாலில், சாம்பாரில் கலந்து கொடுங்கள். என் மாமாவுக்கு அத்தை இப்படித்தான் ஒரு வருடம் கொடுத்தார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை.


மீண்டவன் | ஜூன் 4, மதியம் 1.30

ராஜா அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை. கையறு நிலையில் நிறைய வீடுகளில் இதைச் செய்கிறார்கள். ஆனால் இந்தத் தம்பிக்கு மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

எனக்கு 22 வயதில் வந்தது. அப்போது நானும் வீட்டில் குழம்பு ஊற்றிக்கொள்ள மாட்டேன். அம்மா முதலில் சாப்பிட்டுக் காட்டுவார். அவரிடம் மாற்று மருந்து இருக்கிறது, அதனால்தான் தைரியமாகச் சாப்பிடுகிறார் என்று நினைப்பேன். ஒருநாள் மோரில் அடியில் வெள்ளையாக ஏதோ நின்றது. மாத்திரைதான். என் நல்லதுக்குத்தான் கலந்தார்கள். ஆனால் ஏழு மாதமாக நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, அன்றைக்கு நான் சொன்னது உண்மையாகிவிட்டது. அப்புறம் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வீட்டைவிட்டுப் போய் மூன்று நாள் பஸ் ஸ்டாண்டில் கிடந்தேன்.

இந்தப் பையன் இன்னும் முட்டையை நம்புகிறான். வீட்டில் அவன் நம்பும் கடைசிப் பொருள் அது. அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

மல்லிகை அக்கா, அவனிடம் பேசும் முறை பற்றி. "அப்படியெல்லாம் யாரும் பேசலடா" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டேன். அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் காதில் விழுகிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள். அவ்வளவுதான் என் கணக்கு. அதற்காக "ஆமா, எனக்கும் கேக்குது" என்றும் சொல்லக் கூடாது, அது பொய். என் சித்தப்பா ஒருவர்தான் சரியாகப் பேசினார். "எனக்குக் கேக்கல. ஆனா உனக்குக் கேக்குறப்ப எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். தூக்கம் என்றதும் நான் அழுதுவிட்டேன். எனக்கே வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தூக்கத்துக்காகத்தான் டாக்டரிடம் போனேன்.


வடக்குவீதி | ஜூன் 4, மாலை 6.45

எதிர்க்கருத்து சொல்வதாக நினைக்க வேண்டாம். 20 வயதுப் பையனுக்கு அவசரப்பட்டு இவ்வளவு கடுமையான மாத்திரையை ஆரம்பிப்பது சரியா? ஒருதடவை சீட்டில் மனநோய் என்று எழுதிவிட்டால் காலத்துக்கும் அழியாது. மாத்திரை போட்டால் எடை கூடுகிறது, நாள் முழுக்கத் தூக்கம். இரண்டு மூன்று மாதம் ஊர்க்காற்றில் வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?


வார்டு_சிநேகிதி | ஜூன் 4, இரவு 9.30

வடக்குவீதி சார், பக்கவிளைவு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் காத்திருந்தால் என்ன குறையும் என்று கேட்டீர்கள். இதை உலகம் முழுக்க அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும் நாள் வரைக்கும் உள்ள இடைவெளியைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். நார்வேயில் ஸ்டவாங்கர் நகரத்தில் 1997-லிருந்து பத்திரிகை, ரேடியோ, சினிமா தியேட்டர், பள்ளிக்கூடம் என்று எல்லா வழியிலும் அறிகுறிகளைப் பற்றி விளம்பரம் செய்தார்கள். கூப்பிட்டால் உடனே வந்து பார்க்க ஒரு குழுவையும் வைத்தார்கள். விளம்பரம் இல்லாத மற்ற பகுதிகளில் அந்த இடைவெளி நடுத்தரமாக (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல்) 16 வாரம், இங்கே 5 வாரம். விளம்பரத்தை நிறுத்திய பிறகு இங்கேயும் 15 வாரத்துக்குத் திரும்பிவிட்டது. இத்தனைக்கும் மருந்தும் டாக்டரும் மாறவில்லை, ஜனங்களுக்குத் தகவல் போனது மட்டும்தான் நின்றது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, சீக்கிரம் கண்டுபிடித்த பகுதியில் முழுசாக மீண்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அமெரிக்காவில் ரெய்ஸ் என்ற பெரிய ஆய்வு, 34 மையங்கள், 404 பேர். அங்கே இடைவெளி நடுத்தரமாக 74 வாரம். மருந்து, குடும்பத்துக்குப் பயிற்சி, பேச்சு சிகிச்சை, படிப்புக்கும் வேலைக்கும் உதவி என நான்கையும் ஒரே குழு சேர்த்துக் கொடுத்தது. பலன் கிடைத்தது. ஆனால் 74 வாரத்துக்குள் வந்தவர்களுக்குத்தான் நல்ல பலன், தாமதமாக வந்தவர்களுக்கு ரொம்பக் குறைவு.

நம் ஊர் விஷயமும் சொல்கிறேன், எனக்கு இது ரொம்பப் பிடித்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவில் மான்ட்ரியல் நகரத்துக் குழுவும் சேர்ந்து, முதல் அத்தியாயத்தில் இருந்தவர்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். குரல், சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரண்டு ஊரிலும் நன்றாகக் குறைந்தன. ஆனால் ஒதுங்கிக்கிடப்பது, முகத்தில் உணர்ச்சி இல்லாமல் போவது, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றிலிருந்து சென்னைக்காரர்கள் அதிகம் மீண்டார்கள். சிகிச்சையை நடுவில் விட்டவர்களும் சென்னையில் குறைவு. அங்கே ஓ.பி.க்குப் பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ அண்ணனோ கூடவே வருவார்கள். கனடாவில் அது அவ்வளவு இல்லை. இந்தக் குடும்பத்தின் கைதான் காரணம் என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. 14 வருடம் ஓ.பி. வராந்தாவில் நின்றவள் என்ற முறையில் நான் சொல்கிறேன், அதுதான்.

பக்கவிளைவு: எடை கூடலாம், சர்க்கரை கூடலாம். அதனால் ஆரம்பத்திலேயே எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு அவ்வப்போது பார்க்க வேண்டும். முதல் அத்தியாயத்துக்குக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும். ஒத்துவராவிட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றலாம். எந்த மாத்திரை என்ற முடிவில் அந்தப் பையனும் இருக்க வேண்டும்.


மல்லிகைத்தோட்டம் | ஜூன் 6, இரவு 10.15

போய்வந்துவிட்டோம்.

மீண்டவன் தம்பி சொன்ன மாதிரியே பேசினேன். அவன் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து, "எனக்கு அந்தக் குரல் கேக்கலடா. ஆனா நீ தூங்கி நாளாச்சு, கண்ணு செவந்து கெடக்கு. தூக்கத்துக்கு மட்டும் பார்ப்போமா?" என்றேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "அப்பா வரக் கூடாது. டாக்டர் ரூம்ல ஃபேன் போடக் கூடாது" என்றான்.

ஓ.பி. சீட்டு வாங்கும்போதே செவிலியரிடம் காதோடு சொன்னேன். டாக்டரம்மா அவனைப் பார்த்ததும் எழுந்து அவரே சுவிட்சை அணைத்தார். நாற்பது நிமிடம் வியர்க்க வியர்க்கப் பேசினார்கள். மின்விசிறி பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, "எப்ப சத்தம் அதிகமா இருக்கும், ராத்திரியா பகலா?" என்று மட்டும் கேட்டார். அவன் பதில் சொன்னான்! எங்களிடம் சொல்லாததையெல்லாம் சொன்னான்.

மாத்திரையைப் பிரிக்காத அட்டையோடு அவன் கையிலேயே கொடுத்தார். அவனே பிரித்துப் போட்டுக்கொள்கிறான். முட்டை மாதிரியேதான், எனக்கு அப்போது இந்த இழைதான் ஞாபகம் வந்தது.


தேனி_அம்மா | ஜூன் 6, இரவு 10.40

பெருமாளே. இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அம்மாவிடம் சொல், கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.


ஏர்வாடிக்காரன் | ஜூன் 7, காலை 7.15

தேனி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று எங்கள் ஊர் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இப்போது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. தர்காவிலேயே மருத்துவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். துவா என்கிற பிரார்த்தனையும் உண்டு, தவா என்கிற மருந்தும் உண்டு. வேண்டுதலோடு வருபவர்களை அங்கிருந்தே சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். நம்பிக்கையை விடச் சொல்லாமலே இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சொல்கிறேன்.


மல்லிகைத்தோட்டம் | ஜூன் 9, மாலை 4.05

அவசரம், யாராவது இருக்கிறீர்களா? அவன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே சொருகி நிற்கிறது. நினைவு இருக்கிறது, பேச முடியவில்லை. பாட்டி முனி அடித்துவிட்டது என்று திருநீறு போடுகிறார்.


வார்டு_சிநேகிதி | ஜூன் 9, மாலை 4.09

பயப்படாதீர்கள். மாத்திரையால் தசை இழுத்துக்கொள்வது போலத்தான் தெரிகிறது. முதல் சில நாளில், அதுவும் இளம் ஆண்களுக்கு, வரக்கூடியது. ஊசி போட்டால் சீக்கிரம் விடும். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டம் என்றால் 108. அவனிடம், "இது மருந்தால வந்தது, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே போங்கள்.


மல்லிகைத்தோட்டம் | ஜூன் 9, இரவு 8.30

ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் விட்டுவிட்டது. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். முதல் நாளே இப்படி ஆகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டோம் என்று டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "தப்புதான், சொல்லியிருக்கணும்" என்றார். நேராகத் தம்பியிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி அவனிடமும் அதையே சொன்னார். பெரியவர்கள் யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. "நாளைக்குப் புது மாத்திரை போடுறேன்" என்று அவனே சொன்னான்.


மீண்டவன் | ஜூன் 9, இரவு 9.00

நல்ல டாக்டர். விட்டுவிடாதீர்கள்.


மல்லிகைத்தோட்டம் | ஜூலை 21, இரவு 9.50

ஆறு வாரம் ஆகிவிட்டது. தூக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. குரல் இன்னும் இருக்கிறதாம், ஆனால் "தூரத்துல பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி" என்கிறான். போன வாரம் ஃபேன் போட்டுக்கொண்டான், ஒன்றில் வைத்து.

சாப்பாடு மட்டும் மெதுவாகத்தான். இட்லியை அவனே தட்டிலிருந்து எடுத்தால் சாப்பிடுவான், பரிமாறினால் மாட்டான். அம்மா இப்போது சட்டியை நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இரண்டு கேள்வி. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான், அப்பா சோம்பேறி என்று திட்டுகிறார். இன்னொன்று, கல்லூரியிலிருந்து அட்டெண்டன்ஸ் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.


வார்டு_சிநேகிதி | ஜூலை 22, காலை 7.40

கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டவனை ஏன் ஓடவில்லை என்று அப்பா திட்டுவாரா? குரல் அடங்கின பிறகும் உற்சாகம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் குறை சொல்வதும் கத்துவதும் அதிகமானால் நோய் திரும்புவதும் அதிகமாகிறது, இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அடுத்த தடவை அப்பாவையும் கூட்டிப்போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும். தினம் ஒரு சின்ன வேலை. செடிக்குத் தண்ணீர், கடைக்குப் போய் பால். அது போதும்.


கணக்கு_ஐயா | ஜூலை 22, காலை 9.10

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அரியரோடு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர பிரேக் ஆஃப் ஸ்டடி என்ற வசதி இருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு முதல்வர் வழியாக விண்ணப்பியுங்கள். சான்றிதழில் சிகிச்சையில் இருக்கிறார், ஓய்வு தேவை என்று மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். நோயின் பெயர் வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பெயர் நீங்கிவிட்டால் திரும்பச் சேர்வது கஷ்டம், அதனால் தாமதிக்காதீர்கள்.


மல்லிகைத்தோட்டம் | நவம்பர் 14, இரவு 10.30

பிரேக் கிடைத்தது. இப்போது வேறு சண்டை. குரல் நின்று இரண்டு மாதம் ஆகிறது. "நல்லாயிட்டேன், இனிமே எதுக்கு மாத்திரை?" என்கிறான். எட்டு கிலோ கூடிவிட்டான், பழைய பேண்ட் எதுவும் ஏறவில்லை. எனக்கும் அவன் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது.


மீண்டவன் | நவம்பர் 15, காலை 6.30

நான் ஏழாவது மாதம் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தேன். நாலாவது மாதம் மறுபடியும் வார்டு. முதல் தடவை ஆறு வாரத்தில் கேட்ட மருந்து இரண்டாவது தடவை ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. இதை அவனைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவன் விரும்பினால் நானே பேசுகிறேன்.


வார்டு_சிநேகிதி | நவம்பர் 15, காலை 8.00

முதல் அத்தியாயத்திலிருந்து மீண்டவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்கு. அதனால் முழுசாகத் தெளிந்த பிறகும் ஒன்று, இரண்டு வருடமாவது தொடரச் சொல்வார்கள். அப்புறம் நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் எட்டு கிலோ சின்ன விஷயம் இல்லை. 20 வயதுப் பையனுக்கு அது பெரிய காரணம். எடை குறைவாகக் கூட்டும் மாத்திரைகள் இருக்கின்றன. "நிறுத்தணும்" என்று அவன் சொல்வதை "மாத்தணும்" என்று டாக்டரிடம் அவனே கேட்கட்டும்.

முன்னறிகுறி என்ன என்று அவனோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். உங்கள் தம்பிக்கு எது முதலில் வந்தது?


மல்லிகைத்தோட்டம் | நவம்பர் 16, இரவு 9.20

அவனையே கேட்டேன். நாங்கள் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் சொன்னான், "அதுக்கு முன்னாடியே மெஸ்ல கடைசி ஆளா போய் சாப்பிட ஆரம்பிச்சேன். எல்லாரும் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலைன்னா அது நல்ல சாப்பாடு." பிப்ரவரியில் இல்லை, டிசம்பரிலேயே. அவன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்: கடைசியில் சாப்பிடுவது, கேமராவை மூடுவது, இரண்டு நாள் தொடர்ந்து தூங்காதது. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் அக்காவுக்குப் போன்.

மாத்திரை மாற்ற வியாழக்கிழமை போகிறோம். அப்பாவும் வருகிறார். மீண்டவன் தம்பி, அவன் உங்களிடம் பேச வேண்டுமாம். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன்.


மல்லிகைத்தோட்டம் | ஜூன் 28, இரவு 10.05

இழையைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இன்றைக்கு அவனைக் கல்லூரியில் திரும்பச் சேர்த்துவிட்டு வந்தோம். ஹாஸ்டல் வேண்டாம் என்று பக்கத்திலேயே ஒரு அறை எடுத்திருக்கிறோம். மாதம் ஒருதடவை அங்கேயே டாக்டரைப் பார்ப்பான், சீட்டெல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தாயிற்று. அலமாரித் தாளையும் பிரித்து எடுத்துப் போயிருக்கிறான்.

நாங்கள் பஸ் ஏறும்போது அம்மாவிடம், "அடுத்த வாரம் வர்றப்ப புளிசாதம் கட்டிட்டு வாம்மா, நிறைய" என்றான். அம்மா இப்போதே புளி எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.